செட்டிநாட்டு வீட்டைப் பார்ப்பது எப்படி: முகப்பிலிருந்து அடுப்படி வரை

காரைக்குடிப் பக்கம் முதல் தடவை வருகிறவர்கள் செய்வது அநேகமாக ஒன்றுதான். வண்டியை விட்டு இறங்கியதும் முகப்பை நாலு படம் எடுப்பார்கள். உள்ளே போய்த் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்து ஒரு படம், பூப்போட்ட தரையில் உட்கார்ந்து ஒரு படம். அரை மணி நேரத்தில் அடுத்த ஊர். மூன்றாவது வீட்டுக்குள் நுழையும்போது "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு" என்று அலுப்புத் தட்டிவிடும்.

அலுப்புத் தட்டாமல் பார்க்க ஒரு வழி உண்டு. வீட்டின் எந்த இடத்தில் நின்றாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது யார் கண்ணில் படுவதற்காகச் செய்தது? தெருவோடு போகிறவருக்கா, கொடுக்கல் வாங்கல் பேச வந்தவருக்கா, சம்பந்தி வீட்டாருக்கா, வீட்டுப் பெண்களுக்கு மட்டுமா? எங்கே காசை இறைத்தார்கள், எங்கே கையைச் சுருக்கினார்கள் என்பது அதிலேயே பிடிபட்டுவிடும்.

கொஞ்சம் பின்னணி தெரிந்திருந்தால் போதும். இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) ஊர்களைச் சேர்த்துத்தான் செட்டிநாடு என்கிறோம். முன்பு 96 ஊர் என்பார்கள். இப்போது இருப்பது 70-க்குச் சற்று மேல். பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று கடல் கடந்து போய் லேவாதேவி செய்து சேர்த்த பணம் இந்த வறண்ட பூமியில் வீடாக எழுந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொடங்கிய இந்தக் கட்டுமான வேகம், 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் அடி வாங்கியது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் ஏறக்குறைய நின்றே போனது. நாம் பார்க்கிற பெரிய வீடுகளெல்லாம் அந்தச் சுமார் 100 ஆண்டு இடைவெளிக்குள் கட்டி முடிந்தவை.

இன்னொன்று. 'அரண்மனை' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள். கானாடுகாத்தானில் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய வீட்டைத்தான் எல்லோரும் செட்டிநாடு அரண்மனை என்கிறோம். அந்த வீடு 1912-ஆம் ஆண்டைச் சேர்ந்தது; செட்டிநாட்டு ராஜா என்ற பட்டம் அவருக்கு வந்தது 1929-இல். கட்டும்போது அது ஒரு செட்டியார் வீடுதான். சிம்மாசனம், தர்பார் என்று தேடாமல், கல்யாணம், காது குத்து, கணக்கு வழக்கு என்று தேடினால் வீடு தானாகப் பேசும்.

கிளம்புவதற்கு முன்

தங்குவதற்குக் காரைக்குடிதான் வசதி. சென்னை எழும்பூரிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேரே காரைக்குடி வரை வருகிறது. விமானத்தில் வருகிறவர்கள் மதுரையிலோ திருச்சியிலோ இறங்கலாம். இரண்டிலிருந்தும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஊர்களுக்கு டவுன் பஸ் உண்டு என்றாலும் அதன் நேரத்துக்கு நீங்கள் ஓட வேண்டியிருக்கும். ஒரு நாளுக்கு ஆட்டோவோ காரோ பேசிக்கொள்வது உத்தமம். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை வெயில் தாங்கும். சித்திரை, வைகாசியில் வந்தால் வீட்டுக்குள் இருக்கும் குளுமையின் அருமை தெரியும், ஆனால் தெருவில் நடக்க முடியாது.

ஒரு நாளைக்கு மூன்று வீட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள்.

இவை பெரும்பாலும் தனியார் வீடுகள். ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் சொந்தக்காரர்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். பொங்கலுக்கோ, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ, கல்யாணத்துக்கோதான் கூடுவார்கள். மற்ற நாளில் வீட்டைக் காப்பவர் ஒருவர் திண்ணையில் இருப்பார். அவரிடம் மரியாதையாகக் கேட்டால் சில வீடுகளில் உள்ளே விடுவார்கள். "அண்ணே, வெளியூர்லேருந்து வந்திருக்கோம். வீட்டைப் பாத்துட்டுப் போகலாமா? ஆச்சி யாரும் உள்ள இருக்காகளா?" என்று கேட்பது போதும். வயதான ஆச்சி யாராவது இருந்துவிட்டால் உங்களுக்கு யோகம். வழிகாட்டிப் பலகை எதுவும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். விடமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், கெஞ்ச வேண்டாம். செருப்பைத் திண்ணைக்குக் கீழேயே கழற்றுங்கள். சாமி வீட்டைப் படம் எடுக்காதீர்கள். நிலைப்படி மேல் ஏறி நிற்காதீர்கள். வெளியே வரும்போது காவலுக்கு இருப்பவர் கையில் ஏதாவது கொடுங்கள்.

முதலில் தெருவில் நில்லுங்கள்

உள்ளே ஓடாமல் ஒரு பத்து நிமிடம் தெருவில் செலவழியுங்கள். ஊர்த் தெருக்கள் கோடு போட்டது போல நேராக ஓடி ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று இருக்கும் வீடுகளும் நிறைய. பக்கவாட்டில் நடந்து போய்ப் பாருங்கள், அப்போதுதான் நீளம் உறைக்கும். போகும்போதே இன்னொன்றையும் கவனிக்கலாம்: பல வீடுகளில் மாடி முன்பகுதியோடு நின்றுவிடும். பின்னால் போகப் போகத் தாழ்ந்த நாட்டு ஓட்டுக் கூரைதான். உயரம் தெருவுக்கு, பின்பக்கத்துக்கு அது தேவையில்லை.

தரைமட்டத்திலிருந்து வீடு நன்றாக உயர்ந்து நிற்பதையும் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் பொங்கியதால் இடம் பெயர்ந்து வந்தவர்கள் என்பது நகரத்தார் வழிவழியாகச் சொல்லும் கதை. வெள்ள பயத்தில்தான் இவ்வளவு உயரம் என்று ஊரில் சொல்வார்கள். அது எப்படியோ, படியேறி வருகிறவர் கீழேயும் வீட்டுக்காரர் மேலேயும் இருப்பதில் ஒரு மிடுக்கு இருக்கத்தான் செய்கிறது.

இப்போது தலையை நிமிர்த்துங்கள். முகப்பின் உச்சியில், கைப்பிடிச் சுவரையொட்டிச் சுதை உருவங்கள் வரிசையாக இருக்கும். நடுவில் பெரும்பாலும் கஜலட்சுமி, இரு பக்கமும் யானை. அப்புறம்தான் வேடிக்கை. குழலூதும் கிருஷ்ணனுக்குப் பக்கத்தில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய். சிறகு முளைத்த மேல்நாட்டுத் தேவதைக்குப் பக்கத்தில் கொண்டை போட்ட நம்மூர்ப் பெண். சில வீடுகளில் விக்டோரியா ராணியும் உண்டு. ரசனைக் கலப்படம் என்று முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. கோவில் கோபுரத்துக்குச் சுதை வைத்துப் பழகிய கைதான் இதையும் செய்திருக்கிறது. சிப்பாயின் தொப்பியையும் காலணியையும் கவனமாகச் செய்துவிட்டு, முகத்தையும் நிற்கிற நிலையையும் துவாரபாலகர் பாணியிலேயே விட்டிருப்பதை உற்றுப் பார்த்தால் தெரியும். வாசலைக் காக்க இரண்டு பேர் வேண்டும். கோவிலில் துவாரபாலகர், வீட்டில் சிப்பாய்.

முகப்பின் நெற்றியில் சில வீடுகளில் ஆண்டோ விலாசமோ இருக்கும். விலாசம் என்பது இங்கே அந்தக் குடும்பத்தின் தலைப்பெழுத்துகள், தொழில் நடந்த பெயர். ஊருக்குள் வீட்டைக் கேட்க வேண்டுமென்றால் கதவு எண் உதவாது, விலாசத்தைத்தான் சொல்ல வேண்டும். கானாடுகாத்தானில் அருகருகே நிற்கும் சி.வி.சி.டி. வீடும் சி.வி.ஆர்.எம்.சி.டி. வீடும் அப்படிப் பெயர் பெற்றவைதான்.

திண்ணை, பிறகு நிலை

படியேறினால் திண்ணை. இது பாதி தெருவுக்குச் சொந்தம், பாதி வீட்டுக்கு. வந்தவர் உட்காரவும், கணக்குப்பிள்ளை பெட்டியடியில் இருந்து எழுதவும், வரவு செலவு பேசவும் இங்கேயும் இதையொட்டிய முகப்பு அறைகளிலுமே இடம். ஆகவே ஆடம்பரத்தில் முதல் தவணை இங்கே இறங்கியிருக்கும்: மெருகேற்றிய கல் தூண், சுவரில் முழங்கால் உயரத்துக்கோ இடுப்பு உயரத்துக்கோ பதித்த ஜப்பான் கல் (பூப்போட்ட டைல்), தலைக்கு மேலே பூவேலை செய்த விதானம்.

அடுத்து நிலை. ஒரு வீட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் நின்று பார்க்க நேரம் இருக்கிறது என்றால், நிலை முன்னால் நில்லுங்கள். கதவைச் சுற்றிய மரச் சட்டத்தைத்தான் நிலை என்கிறோம். அதன் மேலே குறுக்காக வரும் செதுக்குப் பலகையைச் சூரியப் பலகை என்பார்கள். பார்வையை மேலிருந்து கீழே இறக்குங்கள். நடுவில் தாமரையில் அமர்ந்த லட்சுமி. அவளுக்கு இரு பக்கமும் யானைகள், அப்புறம் கிளிகள், கொடிகள், சில இடத்தில் யாளி. கொடி ஒன்று கீழிருந்து புறப்பட்டு நிலைக்கால் முழுக்கச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். அதன் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு பூவோ பறவையோ இருக்கும். விரலால் தொடாமல், டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்த கிளி, பக்க வெளிச்சத்தில் பலகையை விட்டு எழும்பி நிற்கும். எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறார்கள், கொடிக்குப் பின்னால் உளியை விட்டு எப்படி மரத்தைக் குடைந்து எடுத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். லட்சுமியின் முகம் மட்டும் பல வீடுகளில் மழுங்கியிருக்கும். தலைமுறை தலைமுறையாக மஞ்சளும் குங்குமமும் வைத்துத் துடைத்த கை.

கதவின் பித்தளைக் குமிழ்களையும், ஒரு சாணுக்கு மேல் நீண்ட சாவியையும் பார்த்துவிட்டு, படியைத் தாண்டுவதற்கு முன் நேராக உள்ளே பாருங்கள். ஒரு வாசலுக்குள் இன்னொரு வாசல், அதற்குள் இன்னொன்று என்று போய்க் கடைசியில் பின்கட்டு வெளிச்சம் ஒரு சிறு சதுரமாகத் தெரியும். எல்லா வாசலும் ஒரே நேர்கோட்டில். காற்றும் அதே வழியில்தான் போகிறது.

வளவு

நிலையைத் தாண்டினால் முகப்பையடுத்து வளவு. வீட்டின் உயிர் இங்கேதான். நடுவில் வானம் பார்த்த முற்றம், நான்கு பக்கமும் தூண் வரிசையோடு தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள்.

புதிதாக வருகிறவர்கள் முற்றத்தைப் பார்த்துவிட்டு அறைகளைப் பார்க்காமல் விடுவார்கள். அறைக் கதவுகளை எண்ணிப் பாருங்கள். திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்ற கணக்கு. நகரத்தார் வழக்கில் கல்யாணம் ஆன தம்பதி ஒரு புள்ளி. கோவிலுக்குக் கட்டும் வரிகூடப் புள்ளி வரிதான். ஒரு புள்ளிக்கு வளவில் ஓர் அறை, பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை அறை. இவ்வளவு பெரிய வீட்டில் இந்த அறைகள் எவ்வளவு சிறியவை, எவ்வளவு இருட்டு என்பது முதலில் ஆச்சரியமாக இருக்கும். நம் கேள்வியைக் கேட்டால் ஆச்சரியம் போய்விடும். அறைக்குள் வருகிறவர் யாருமில்லை. பாத்திரம், பண்டம், துணிமணி, சீர் சாமான் வைத்துப் பூட்ட இடம் வேண்டும், அவ்வளவுதான். புழக்கமெல்லாம் தாழ்வாரத்தில். மணி அடிக்கும் பூட்டு வைத்த பெட்டகங்களும் உண்டு. சாவியைத் திருப்பினால் வீட்டுக்கே கேட்கும்.

கல்யாணத்தில் பெண்ணுக்குச் செய்யும் சீரை எல்லோரும் பார்க்கப் பரப்பி வைப்பது இந்த ஊர் வழக்கம். வெள்ளி, பித்தளை, வெண்கலம், மரச் சாமான், அப்புறம் வெளிநாட்டிலிருந்து வந்த மங்குச் சாமான் (பீங்கான், எனாமல் பாத்திரங்கள்) என்று கூடம் கொள்ளாது. அதை மனதில் வைத்துக்கொண்டு தாழ்வாரங்களின் அகலத்தையும், முகப்பை ஒட்டியும் பக்கவாட்டிலும் இருக்கும் பெரிய கூடங்களையும் பாருங்கள். நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வந்து நின்று, பார்த்து, சாப்பிட்டுப் போகும் அளவு. வருடத்தில் சில நாளுக்காகக் கட்டிய அளவு அது. மற்ற நாளில் காலியாகத்தான் இருந்திருக்கும்.

முற்றத்தில் நின்று கூரையைப் பாருங்கள். நான்கு பக்கமும் ஓடு உள்நோக்கிச் சரியும். மழை பெய்தால் தண்ணீர் முழுக்க முற்றத்துக்கு வரும். மூலைகளில் பெரிய கிடாரங்களை வைத்து அதைப் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் கல்பாவிய முற்றத்து வடிகால் வழியாக வெளியே போகும். மழை குறைந்த சீமையில் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி வைத்த அதே புத்திதான். முற்றத்து மேலே இப்போது பல வீடுகளில் இரும்புக் கம்பி வலை போட்டிருப்பார்கள். திருட்டுக்கும் குரங்குக்கும் பயந்து செய்தது, படத்தில் உறுத்தும், சகித்துக்கொள்ளுங்கள்.

தூண், சுவர், தரை: மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்

தூண் எளிது. பர்மாத் தேக்கு என்று சொல்லிவிடுவார்கள், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது தூணின் தலை. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே வரும் போதிகையில் தாமரை மொட்டு தொங்குகிறதா, கொடி சுருண்டிருக்கிறதா, வெறும் வளைவாக விட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். கோவில் மண்டபத்தில் கல்லில் இருக்கும் அதே போதிகை இங்கே மரத்தில். அடியில் கல் பீடம் இருக்கும், மரம் தரை ஈரத்தைத் தொடாதபடி. வளவுத் தூணையும் பின்கட்டுத் தூணையும் ஒப்பிட்டால் பின்னால் மரம் சிறுக்கும், செதுக்கல் மறையும். சில வீடுகளில் வெறும் கல் தூணாகிவிடும்.

சுவர்தான் எனக்குப் பிடித்தது, யாரும் படம் எடுக்காததும் அதுதான். புறங்கையை வைத்துப் பாருங்கள், மதியத்திலும் ஜில்லென்று இருக்கும். கன்னத்தைச் சுவரோரம் கொண்டுபோய் அதன் நீளவாக்கில் பார்த்தால் ஜன்னல் வெளிச்சம் அதில் மங்கலாகப் பிரதிபலிக்கும். பெயின்ட் இல்லை, வார்னிஷ் இல்லை, சுண்ணாம்புப் பூச்சு. கரடுமுரடான சுண்ணாம்பும் மணலும் முதலில், மேலே வர வர நைசான கலவை என்று அடுக்கடுக்காகப் பூசுவார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலவையில் சேரும். கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் போல அரைத்து முட்டை வெள்ளைக்கருவையும் சேர்ப்பார்கள். அது முழுக்கக் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்ற வேண்டும். நேரம் தப்பினால் மினுக்கம் வராது. பொறுமை கேட்கும் வேலை. இன்றும் இதைச் செய்யும் கொத்தனார்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

எங்கே புதிதாக ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதும் சுலபம். சிமென்ட் பூசிய இடம் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், பழைய சுண்ணாம்புச் சுவர் சுவாசிப்பது போல அது ஈரத்தை வெளியே விடாது. அதனால் ஒட்டின் ஓரத்திலேயே பழைய பூச்சு உப்புப் பூத்து உதிரும். நல்ல எண்ணத்தில் செய்த பராமரிப்பு பல வீட்டுச் சுவரைக் கெடுத்திருக்கிறது.

தரைக்கு வருவோம். "ஆத்தங்குடிக் கல்" என்று எல்லாத் தரையையும் சொல்லிவிடுகிறார்கள். அப்படியில்லை. முன்கூடங்களில் கறுப்பு வெள்ளையாகச் சதுரம் சதுரமாக இருந்தால் இத்தாலியப் பளிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். சுவரில் பதித்த, மேடு பள்ளமாகப் பூ எழும்பி நிற்கும் வழுவழுக் கல் பெரும்பாலும் ஜப்பானிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வந்தது. அது சூளையில் சுட்டது. ஆத்தங்குடிக் கல் சுடாதது. கொஞ்சம் மங்கலான மினுக்கம், கால் வைத்தால் குளுமை, கோடுகளில் லேசான கை நடுக்கம். இந்த மூன்றும் இருந்தால் அது ஆத்தங்குடி.

அந்தக் கை நடுக்கம் எப்படி வருகிறது என்று பார்க்க ஆத்தங்குடிக்கே போய்விடுங்கள். ஊருக்குள் பட்டறைகள் இருக்கின்றன, நின்று பார்க்க விடுவார்கள். கண்ணாடித் தகடு ஒன்றைக் கீழே வைத்து அதன் மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்துவார்கள். சட்டத்துக்குள் டிசைனுக்கு ஏற்ற அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமென்ட், மணல், வண்ணப் பொடி கலந்த குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை நேராக மேலே தூக்கும்போது வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்க வேண்டும். வித்தையே அந்தத் தூக்கலில்தான். பிறகு உலர்ந்த சிமென்ட் மணலைத் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, மேலே கலவையைக் கொட்டி மட்டம் தட்டுவார்கள். இது வரை எல்லாம் தலைகீழ். நாம் மிதிக்கப்போகும் முகம் கண்ணாடியில் படிந்து கிடக்கிறது. பிறகு தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறவிட்டு எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி தானாகப் பிரியும். கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். மெருகு இயந்திரம் எதுவும் கிடையாது. மிதிக்க மிதிக்கத்தான் அதற்குப் பளபளப்பு கூடும். ஆள் புழங்காத வீட்டில் அதே கல் சோர்ந்து கிடப்பதைப் பார்க்கலாம்.

பின்கட்டு: கட்டாயம் போய்ப் பாருங்கள்

இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று பின்னால் போகப் போகப் பயணிகள் குறைவார்கள். காட்டுகிறவரும் "அங்கே ஒண்ணும் இல்லீங்க" என்பார். இருக்கிறது.

இரண்டாம் கட்டில் சாப்பாட்டுக் கூடம், சாமான் அறைகள். மூன்றாம் கட்டில் அடுப்படி, அம்மி, ஆட்டுக்கல், உரல், கிணறு. செதுக்கல் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. ஆனால் அளவுக்கும் வேலைக்கும் இடையில் ஒரு கச்சிதம் இருக்கிறது. இந்தச் சமூகத்தில் கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' வழக்கம்: ஒரே கூரை, ஆனால் அந்தப் புள்ளிக்குத் தனி வரவு செலவு, தனிச் சமையல். ஆகவே பின்கட்டில் அடுப்புகள் பல. கூட்டுக்குடும்பம் என்று நாம் சினிமாவில் பார்த்த படத்தை இந்த அடுப்புகள் சற்றே திருத்துகின்றன. முகப்பு கடல் கடந்து போன ஆண்களின் பெயரைச் சொல்லும். அவர்கள் மூன்று வருடம் வெளியே இருந்தபோது வீட்டை நடத்திய ஆச்சிகளின் இடம் இது. தரையில் கல் உரல் புதைந்திருக்கும் கோணம், புகை போகக் கூரையில் விட்ட இடைவெளி, கிணற்றடியிலிருந்து அடுப்படிக்கு எத்தனை எட்டு என்று பாருங்கள். என்னைக் கேட்டால் வண்ணக் கண்ணாடியை விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுப்பேன்.

எந்தக் காலத்து வீடு?

தோராயமாகச் சொல்லப் பழகிக்கொள்ளலாம். தாழ்வான முகப்பு, அகலத் திண்ணை, மரத்தூண், ஓட்டுக் கூரை, செதுக்கலெல்லாம் நிலையில் மட்டும் என்றால் பழைய வீடு, 19-ஆம் நூற்றாண்டு. மாடி எழும்பி, வளைவுகளும் மேல்நாட்டுத் தூண்களும் சுதைக் கூட்டமும் வண்ணக் கண்ணாடியும் பெல்ஜியம் கண்ணாடியும் வந்துவிட்டால் அதற்கடுத்த தலைமுறை. மூலைகள் உருண்டு, படுக்கைக் கோடுகள் ஓடி, ஜன்னல் கம்பியில் உதயசூரியன் கதிர் விரித்தால் 1930-கள், 40-கள். பம்பாயிலும் சென்னையிலும் அப்போது ஓடிய ஆர்ட் டெக்கோ மோஸ்தர். கானாடுகாத்தானில் இப்போது விடுதியாக இருக்கும் விசாலம் இந்தக் கடைசி வகைக்கு நல்ல உதாரணம். ஒரு வீட்டிலேயே மூன்று காலமும் இருக்கலாம். வளவு தாத்தா கட்டியது, முகப்பு பேரன் மாற்றியது.

முதல் இரண்டு நாளுக்கு ஒரு வரிசை

முதல் நாள் கானாடுகாத்தான். காரைக்குடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். ராஜா வீட்டை வெளியிலிருந்து சுற்றிப் பாருங்கள். உள்ளே விடுவார்கள் என்று நம்பிப் போக வேண்டாம். தெருக்களில் நடந்து முகப்புகளைப் படித்துவிட்டு, திறந்திருக்கும் வீடு ஒன்றுக்குள் நிதானமாகப் போங்கள். பக்கத்தில் செட்டிநாடு ரயில் நிலையம் இருக்கிறது, போகிற வழியில் ஒரு பார்வை.

இரண்டாம் நாள் ஆத்தங்குடி: காலையில் பட்டறை, பிறகு லட்சுமி வீடு. ஊரில் இதையும் அரண்மனை என்றே சொல்வார்கள். கட்டணம் கட்டிப் பார்க்கலாம். விதானத்துக்காகவே போகலாம், கழுத்து வலிக்கும். கூட்டம் வருவதற்குள் போய்விடுவது நல்லது. சினிமாப் படப்பிடிப்பு இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். மாலையில் காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு, வெளியிலிருந்து. அப்புறம் இன்னும் நேரம் இருந்தால் இலுப்பைக்குடி அல்லது வயிரவன்பட்டி. இரண்டும் நகரத்தாரின் ஒன்பது கோவில்களில் அடங்கியவை. வீட்டில் பார்த்த போதிகையும் யாளியும் கல்லில் எங்கே பிறந்தன என்று அங்கே தெரியும். பள்ளத்தூர், கோனாபட்டு, தேவகோட்டை எல்லாம் அடுத்த பயணத்துக்கு.

யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-இலேயே சேர்ந்துவிட்டன. உத்தேசப் பட்டியல் வீட்டை இடிப்பதைத் தடுக்காது. பங்கு பிரிக்க முடியாத வீடு, கூரை ஒழுகினால் யார் காசு போடுவது என்ற வழக்கு, கடைசியில் இடிப்பு. தெருவில் நடக்கும்போது இரண்டு பெரிய வீட்டுக்கு நடுவே காலி மனை தெரிந்தால் அதற்கும் ஒரு நிமிடம் நில்லுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் உத்தரம் பொருந்தியிருந்த குழிகள் வரிசையாகத் தெரியும்.

ஏதாவது வாங்கிப் போக நினைத்தால்

இடித்த வீட்டுச் சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வருகின்றன. கதவு, நிலை, தூண், மங்குத் தட்டு, பழைய போட்டோ, பூட்டு என்று எல்லாம் கிடைக்கும். மங்குச் சாமானும் சின்னப் பித்தளையும் வாங்குவதில் தப்பில்லை. பழையது என்று சொல்லிப் புதிதாகச் செய்து புகையூட்டியவையும் நடுவில் இருக்கும். தட்டின் விளிம்பு, பூட்டின் உள்பக்கம், மரத்தின் பின்பக்கம் மூன்றையும் பாருங்கள், முன்பக்கத்தை மட்டும்தான் ஏமாற்றச் சிரமப்பட்டிருப்பார்கள். நிலையை வாங்கிப் போய் சாப்பாட்டு மேசையாக்குகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை இங்கே சொல்ல வேண்டாம். இங்கே வர முடியாதவர்கள் சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பார்க்கலாம். அது 1996-இல் திறக்கப்பட்ட பண்பாட்டு அருங்காட்சியகம்; பழைய வீட்டின் மரவேலைகளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆத்தங்குடிக் கல் வாங்குவதென்றால் மட்டும் பட்டறையில் நேரடியாகப் பேசுங்கள். அறையின் நீளம் அகலத்தை எழுதி எடுத்துப் போங்கள். கணக்கு வந்ததற்கு மேல் பத்தில் ஒரு பங்காவது கூடுதலாக வாங்கிவிடுங்கள். லாரியில் சில உடையும், மூலைக்கு வெட்டும்போது சில போகும். ஒரு கல் பின்னாளில் உடைந்து மாற்றப் போனால், அதே பட்டறையில் அதே ஆள் கலக்கினாலும் அந்தப் பச்சை திரும்ப வராது. பதிக்கிற கொத்தனாரும் அங்கேயே கிடைப்பாரா என்று கேளுங்கள், ஏனென்றால் சாதாரண டைல்ஸ் பதிக்கிறவர் மேல்முகத்தில் சிமென்ட் பாலைச் சிந்திவிட்டு ஆசிட் போட்டுக் கழுவுவார், வண்ணம் போய்விடும். பதித்து முடிந்ததும் தேங்காய் எண்ணெய் நனைத்த துணியால் துடைக்கச் சொல்வார்கள், சொன்னபடி செய்யுங்கள்.